பசித்த பூஞ்சையின் பொழுது

ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தவரை அந்தப் பூஞ்சையைக் கொல்வதுதான் அவளுடைய வேலை. பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வந்த பிறகு அதையே வளர்ப்பது வேலையாகிவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் மாமியார் முதலில் எடுத்துவிடுவது இந்தக் கதையைத்தான்.

"ஊர்ல எல்லாரும் பூஞ்சை பூத்தா தூக்கிக் குப்பைல போடுவாங்க. எங்க வீட்டு மருமக அதுக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டு, தூங்குச்சா முழிச்சுச்சான்னு வேற பாத்துட்டு வர்றா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதில் பொய் எதுவும் இல்லை.

தொழிற்சாலையில் அவள் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை உறை, கையில் ஒரு டார்ச். ரொட்டி வெட்டும் இயந்திரத்தின் பற்களுக்கிடையில் துணுக்கு ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தே இடுப்பு போனது. ஒரு துணுக்கு போதும், ஆரஞ்சுப் பூஞ்சை அதில் குடியேறிவிடும். மாவு மாதிரி படரும். கை பட்டால் புகையாக எழும். எழுந்தது காற்றோடு போய் அடுத்த அறை ரொட்டியில் உட்காரும். சூடு காட்டி விரட்டலாம் என்றால் அதுவும் நடக்காது, அதன் ஒரு வகை வித்து சூடு பட்டால்தான் கண்ணே விழிக்கும்.

ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. முதலாளி தொண்டை கிழியக் கத்தினார். சுவரைக் கழுவினார்கள், தட்டுகளைக் கொளுத்தினார்கள், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் அவள் ஒரு துண்டு ரொட்டியை மூடி போட்ட டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் பூஞ்சை ஆராய்ச்சி செய்யும் பேராசிரியை ஒருவரைத் தேடிப் போனாள்.

பேராசிரியை டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அடடா! என்ன அழகா பூத்திருக்கு!"

அவளுக்குச் சுருக்கென்றது. "மேடம், இதனால எங்க ஃபேக்டரியே மூடிக் கெடக்கு."

"தெரியுதும்மா. அதை எப்படி ஒழிக்கிறதுன்னு சொல்லி அனுப்பறேன். அதுக்கு முன்னாடி வாங்க, ஒண்ணு காட்டறேன்."

முழ நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினார். அதன் இரண்டு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருந்தன. உள்ளே அடியில் கூழ் போல ஏதோ உறைந்து கிடந்தது. அதன்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பூஞ்சை படர்ந்திருந்தது. ஒரே சீராகப் படரவில்லை. கொஞ்சம் வெறுமை, பிறகு அடர்த்தியாக ஒரு ஆரஞ்சுப் பட்டை, மறுபடி வெறுமை, மறுபடி பட்டை என்று கோடு போட்ட சட்டைத் துணி மாதிரி இருந்தது.

"யார் மேடம் கோடு போட்டது?"

"அதுவே போட்டுக்கிச்சு. நாளுக்கு ஒரு பட்டை. முழுக்க இருட்டுலதான் வெச்சிருந்தோம். ஆனா தன்னோட நாள் எப்ப முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியும்."

"அதோட நாளும் நம்ம நாளும் ஒண்ணா?"

"நம்மளவிடக் கொஞ்சம் குட்டை. இருபத்திரண்டு மணி நேரம் வரும். தினமும் வெளிச்சம் காட்டினா நம்ம நாளோட ஒத்துப் போயிடும். இருட்டுல விட்டா அதோட இஷ்டம்தான்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பேராசிரியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வருடம் ரொட்டி நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை மூடியது. ஆய்வகத்தில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆராய்ச்சி மாணவர்கள் அவளுக்கு 'ரொட்டி அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

வேலை அவளுக்குக் கை வந்தது. கூழ் காய்ச்சுவது, குழாய்களில் ஊற்றுவது, ஆவியில் வைத்துக் கிருமி போக்குவது, ஆறியதும் ஒரு முனையில் ஒரு துளி வித்து வைத்து இருட்டறையில் அடுக்குவது. தினமும் ஒரே நேரத்தில் இருட்டறைக்குள் போய் பூஞ்சை எதுவரை வளர்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடிமேல் பேனாவால் ஒரு கோடு கிழிப்பாள். சிவப்பு விளக்கு ஒன்றுதான் அங்கே அனுமதி. சிவப்பு வெளிச்சம் அந்தப் பூஞ்சைக்குத் தட்டுப்படாது. நீல வெளிச்சம் பட்டால்தான் விழித்துக்கொள்ளும், வெயிலில் அது நிறையவே உண்டு. பழைய சாமான் அறைக்குக் கறுப்புச் சாயம் அடித்து இருட்டறையாக்கியிருந்தார்கள்.

சில வருடங்கள் போனதும் பேராசிரியை அவளைக் கூப்பிட்டு, இனிமேல் அடுத்தவர்களுக்குக் குழாய் தயாரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம், உங்களுக்கென்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பாருங்கள் என்றார். அவள் தயங்கினாள். பட்டப்படிப்பு முடித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

அந்தக் கேள்வி சர்க்கரை பற்றியது. பூஞ்சைக்குள் ஓடும் கடிகாரம் பல்லும் சக்கரமும் இல்லாதது. ஒரு புரதம் உருவாகும். போதுமான அளவு சேர்ந்ததும் தன்னை உருவாக்கும் வேலையைத் தானே போய் நிறுத்தும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். சிதைந்து முடிந்ததும் வேலை மறுபடி தொடங்கும். இந்த ஒரு சுற்றுதான் பூஞ்சையின் ஒரு நாள். உருவாக்குவதற்கும் சக்தி வேண்டும், சிதைப்பதற்கும் சக்தி வேண்டும். அந்தச் சக்தி சர்க்கரையை எரித்துக் கிடைப்பது. அப்படியானால் சர்க்கரையைக் குறைத்தால் கடிகாரம் என்ன ஆகும்?

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது மாமியார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய்.

"இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? எனக்குச் சர்க்கரை கூடினாலும் தூக்கம் வரல, குறைஞ்சாலும் தூக்கம் வரல. ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போச்சுன்னா பகல் எது ராத்திரி எதுன்னே தெரியல. உன் பூஞ்சைக்கு மட்டும் என்ன, அதுவும் தடுமாறத்தானே செய்யும்?"

"அதைத்தான் அத்தை பாக்கப் போறேன்."

"பாரு, பாரு. ஆனா பாவம், ரொம்பப் பட்டினி போடாதே."

ஒரு பங்குக் குழாய்களில் வழக்கமான சர்க்கரை, இன்னொரு பங்கில் பேருக்குக் கொஞ்சம். கலந்துவிடக் கூடாது என்று வயிறு நிறைந்தவற்றை மேல்தட்டிலும் பசித்தவற்றைக் கீழ்த்தட்டிலும் அடுக்கினாள். தொழிற்சாலைப் பழக்கம் அது, அங்கே வெந்ததும் வேகாததும் ஒரே தட்டில் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது.

முடிவு வந்தபோது அவளாலேயே நம்ப முடியவில்லை. மேல்தட்டில் எல்லாம் இருபத்திரண்டு மணி நேரம். கீழ்த்தட்டில் எல்லாம் இருபத்துநான்கு. பசி பூஞ்சையின் நாளை நீட்டிவிட்டது! மறுபடி செய்தாள், அதே முடிவு. பேராசிரியை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மரபணு எதுவும் மாற்றாத சாதாரணப் பூஞ்சை இப்படிச் செய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரமே துறைத் தலைவருக்குச் செய்தி போனது. பெரிய அரங்கில் பேராசிரியை பேசுவதாக ஏற்பாடாகி, மாடிப்படியருகில் அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது. மாணவர்கள் அவளை வம்புக்கு இழுத்து இனிப்பு வாங்கித் தர வைத்தார்கள்.

ஆனால் அவளுக்குத்தான் மனசுக்குள் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் முடிந்துபோன குழாய்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேல்தட்டுக் குழாய்களில் ஆரஞ்சுப் பட்டை அவள் கிழித்த பேனாக் கோட்டைவிட்டு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போயிற்று. அதுதான் முறை, அதன் நாள் நம் நாளைவிடக் குட்டை. கீழ்த்தட்டுக் குழாய்களில் பட்டை நழுவவே இல்லை. ஒவ்வொரு நாளும் கோட்டுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. சரி, இருபத்துநான்கு மணி நேரம் என்றால் அப்படித்தான் இருக்கும். அவளைக் குழப்பியது வேறு. சில குழாய்களைக் காலையில் இருட்டறைக்கு அனுப்பியிருந்தாள், சிலவற்றை மாலையில். ஒவ்வொன்றும் தான் இருட்டுக்குப் போன நேரத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் ஒரே நேரத்தில் பட்டை போட நியாயமே இல்லை. ஆனால் போட்டிருந்தன. யாரோ மணி அடித்து எழுப்பியதுபோல.

வீட்டுக்குப் போன பிறகும் முகம் தெளியவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைக் கையில் கிரீஸோடு வந்து உட்கார்ந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, பூஞ்சை ஏதாவது கோவிச்சுக்கிச்சா?"

அவள் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

"எனக்கு உன் புரதம் கிரதமெல்லாம் தெரியாது. லிஃப்ட் நின்னு போச்சுன்னா ஆளாளுக்கு மோட்டார் போச்சு, மோட்டார் போச்சும்பாங்க. போய்ப் பாத்தா பாதி இடத்துல கதவு சரியா சாத்தியிருக்காது. நீ மொதல்ல கதவப் பாரு."

மறுநாள் மதியம் இருட்டறைக்குள் போய், சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கண் பழகட்டும் என்று காத்திருந்தாள். கதவின் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். ரப்பர் பட்டி இறுக்கமாகத்தான் இருந்தது. எங்கும் கும்மிருட்டு. தன்னைப் பார்த்தே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலை வெட்டி இல்லாதவள் மாதிரி இருட்டில் உட்கார்ந்திருக்கிறோமே என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுத்த நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மறுபடி போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழ்த்தட்டில் ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். புள்ளி மெல்ல நீண்டு குழாய்களின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடாக ஊர்ந்தது. சுவரோரம் தரையில் மண்டியிட்டாள். முன்பு எப்போதோ தண்ணீர்க் குழாய் போன துளை. அடைத்திருந்த துணி காய்ந்து சுருங்கி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நடைகூடம், அதன் ஜன்னலில் காலையில் மட்டும் வெயில் விழும். தினமும் காலையில் வெயில் வந்து, பசித்த பூஞ்சைகளை மட்டும் தட்டி எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது. அவை நம் நாளோடு ஒத்துப்போனதற்குச் சர்க்கரை காரணமே இல்லை.

மேலே கீழே என்று பிரித்து அடுக்கியது தன் கைதான் என்பது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. கலந்து அடுக்கியிருந்தால் முதல் தடவையே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பேராசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அறிவிப்பு ஒட்டியாச்சு. தலைவர் நாலு பேர்கிட்ட சொல்லிட்டாரு. இப்ப வந்து சொல்றீங்களே?"

"இப்பதான் மேடம் எனக்கே தெரிஞ்சுது."

"நிச்சயமா?"

"நாளைக்குக் காலைல என்கூட வந்து உக்காருங்க. நீங்களே பாக்கலாம்."

மறுநாள் பேராசிரியை வந்தார். சின்ன அறை, இரண்டு முக்காலி, இருவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சக் கோடு குழாய்களின்மேல் ஏறியபோது பேராசிரியை "ச்" என்று உச்சுக் கொட்டியது அவள் காதில் விழுந்தது. வெளியே வந்ததும் எதிரில் வந்த மாணவர் வணக்கம் சொன்னதைக்கூடக் கவனிக்காமல் நேரே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு சில நாட்கள் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாட்களில் அவள் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவாள். மாமியார் மட்டும், "உண்மையத்தானே சொன்னே? கோவம் வந்தா வரட்டும், போனா போகட்டும், நீ சாப்பிடு," என்று தட்டைத் தள்ளினார்.

பேச்சு தள்ளிப்போடப்பட்டது. அவள் துளையைச் சிமென்ட் வைத்துப் பூசி, அதன்மேல் கறுப்புச் சாயம் அடித்தாள். இந்தத் தடவை குழாய்களைக் கலந்து அடுக்கினாள், எண் மட்டும் ஒட்டி, எது எங்கே என்று தனக்கே தெரியாதபடி. பட்டைகளை அளந்து முடித்த பிறகுதான் எது பசித்தது, எது நிறைந்தது என்று பிரித்துப் பார்த்தாள்.

எல்லாம் இருபத்திரண்டு மணி நேரம். பசித்ததும் அதேதான், நிறைந்ததும் அதேதான். பசித்த பூஞ்சை மெலிந்து வளர்ந்திருந்தது. பட்டைகூட வெளிறித்தான் கிடந்தது. நேரம் மட்டும் தப்பவில்லை.

"போச்சு," என்றாள் மாணவர்களிடம். "ஒண்ணுமே நடக்கல."

பின்னால் நின்று அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியை, "ஒண்ணும் நடக்கலயா?" என்று கேட்டார். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "நல்லா யோசிச்சுப் பாருங்க. அடுப்புல விறகு பாதிதான் இருக்கு. ஆனா உலை அதே நேரத்துலதான் கொதிக்குது. எப்படி?"

அவள் குழாயை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதுவரை அவள் அப்படி யோசித்திருக்கவில்லை.

பெரிய அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தது. பேராசிரியை மேடையேறி எடுத்த எடுப்பிலேயே, சென்ற மாதம் தாங்கள் கண்டுபிடித்தது ஒரு சுவர் ஓட்டை என்றார். அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் புதிய முடிவுகளைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த வெளித்துறைப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

"அப்ப இத்தனை மாசம் வேலை பண்ணி ஒரு மாற்றமும் இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க, அப்படித்தானே?"

பேராசிரியை மைக்கைக் கடைசி வரிசையில் இருந்த அவளை நோக்கி நீட்டினார். "அதுக்கு அந்தக் குழாய்களோட இருட்டுல உக்காந்தவங்க பதில் சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. எழுந்து நின்றாள்.

"எங்க மாமியாருக்குச் சர்க்கரை இருக்கு சார்," என்றாள். "ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போச்சுன்னா அவங்களுக்கு மட்டுமில்ல, வீட்ல யாருக்கும் அன்னைக்குப் பொழுது நகராது. மனுஷங்க நாம, இவ்வளவு பெரிய உடம்பு. நமக்கே அந்தக் கதி. இந்தப் பூஞ்சை தன் உடம்பையே குறைச்சுக்குது, நிறத்தைக் குறைச்சுக்குது, ஆனா நாளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேங்குது. சக்தி குறையுறப்ப கடிகாரமும் மெதுவாகணும். ஆகல. அப்ப உள்ள ஏதோ ஒண்ணு அதை மாற விடாம பிடிச்சு வெச்சிருக்கு. மாற்றம் இல்லைங்கறது முடிவு இல்ல சார், அதுதான் கேள்வி."

சொல்லிவிட்டுப் பட்டென்று உட்கார்ந்துவிட்டாள். கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். யாரோ கைதட்டினார்கள்.

அந்தக் கேள்வியோடு அவள் பல வருடம் குடும்பம் நடத்தினாள். மரபணு ஒன்று நீக்கப்பட்ட பூஞ்சை வகையை வேறோர் ஆய்வகத்திலிருந்து வரவழைத்து வளர்த்தார்கள். அந்த வகையில் சர்க்கரையைக் கூட்டக் கூட்ட நாள் குறுகிக்கொண்டே வந்தது. அந்தத் தடவை அவள் முதலில் சுவர்களைத் தடவிப் பார்த்தாள், பிறகு விளக்கைப் பார்த்தாள், பிறகு குழாய்களைக் கலைத்துப் போட்டு முதலிலிருந்து செய்தாள். எத்தனை தடவை செய்தும் முடிவு மாறவில்லை. சாதாரணப் பூஞ்சையில் சர்க்கரை கூடும்போது, அந்த மரபணு உருவாக்கும் இன்னொரு புரதமும் கூடுகிறது. கடிகாரம் முந்தி ஓடப் பார்க்கும்போது அது பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அந்தப் பிடி இல்லாத வகைதான் சர்க்கரையின் இழுப்புக்கெல்லாம் போகிறது. ஒரே கையால் இது முழுவதும் நடப்பதில்லை, பிடிக்கிற கைகள் இன்னும் இருக்கக்கூடும் என்று பேராசிரியை எச்சரித்தார். கட்டுரை வெளிவந்தபோது அவள் பெயரும் அதில் இருந்தது. கணவர் அதைத் தன் செல்போனில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டிடங்களிலெல்லாம் காட்டினார். ஒருவருக்கும் ஒரு வரி புரியவில்லை. அவருக்கும்தான்.

பேராசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வகத்துக்குப் புதிய தலைவர் வந்திருக்கிறார். வந்த அன்றே அவளிடம் அடுத்து என்ன செய்ய விருப்பம் என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. பசித்த பூஞ்சை நேரம் தப்புவதில்லை சரி, அந்த நேரத்தைக் காப்பாற்ற அது எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறது, எதை முதலில் விடுகிறது, எதைக் கடைசிவரை விடாமல் வைத்திருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் சரி என்றார்.

இந்த வாரம் புதிய குழாய்களை அடுக்கினாள். இப்போதெல்லாம் குனிந்து நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது, அதனால் ஒரு மாணவி கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டாள். முடிந்ததும் சிவப்பு விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, கையைக் கழுவினாள். மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. மழை வருவதுபோல் இருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.